நாய்ப் பயிற்சிக்கு ஒரு நோட்டு: எதை எழுதுவது, எப்படி எழுதுவது

என் நாய் ஜூலிக்கு "வா" பழக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம். ஒரு சாயங்காலம் நீளக் கயிற்றில் கட்டிப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். மரத்தடியில் ஓர் அணில் ஓடியது. அவ்வளவுதான், நான் கூப்பிடக் கூப்பிட அவள் காதைக்கூட அசைக்கவில்லை. மூன்று வாரமும் வீண் என்று மனசு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி நோட்டைத் திறந்தால் அதில் வேறு கதை இருந்தது. முதல் வாரம் கூடத்துக்குள்ளேயே 10 தடவை கூப்பிட்டதற்கு 4 தடவைதான் வந்திருக்கிறாள். மூன்றாவது வாரம் வாசலில் 10-க்கு 8. பூங்கா என்ற சொல் அன்றைய தேதிக்கு முன்னால் நோட்டில் எங்குமே இல்லை. வாசல் வரைக்கும் தேறியிருந்த குட்டியை ஒரே தாவலில் அணிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

அந்த எண்கள் இல்லாமல் போயிருந்தால் "இது தேறாது" என்று அன்றைக்கே முடிவு கட்டியிருப்பேன். நாய் பழக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் இப்படி ஒரு சாயங்காலத்தைத்தான் சொல்கிறார்கள். கடைசியாக நடந்ததையும் எரிச்சல் மூட்டியதையும் மனசு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருவது அதில் பதிவதில்லை. அதற்குத்தான் நோட்டு.

முதல்முறையாக நாய் வளர்ப்பவர்கள், எதை எழுதுவதென்று தெரியாமல் ஒன்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே எழுதுவதில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: எழுதுகிற வரி, அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாத வரிக்கு நோட்டில் இடம் கிடையாது.

முதல் வேலை: நோட்டுக்கு ஓர் இடம்

சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு போதும். அது மேசை இழுப்பறைக்குள் இருந்தால் இரண்டாவது நாளே மறந்துவிடும். லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் கயிறு) மாட்டுகிற ஆணியிலேயே நோட்டையும் மாட்டுங்கள், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நாயை அழைத்துப் போக லீஷை எடுக்கும்போது நோட்டும் கையோடு வந்துவிடும்.

செல்போனில் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் பயிற்சி நடக்கும்போது வேண்டாம் என்பேன். திரையைப் பார்க்கிற அந்த இரண்டு வினாடியில்தான் நாய் சரியாகச் செய்திருக்கும், ட்ரீட் (பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத் துண்டு) கொடுக்கத் தாமதமாகிவிடும். செல்போனுக்கு வேறு இரண்டு உருப்படியான வேலைகள் இருக்கின்றன. ஒன்று வீடியோ எடுப்பது. இன்னொன்று, நடந்து வரும் வழியில் குரலில் பதிவு செய்துகொள்வது. கணினியில் அட்டவணை போடப் பிடித்தவர்கள் வாரக் கடைசியில் நோட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

பயிற்சியின் நடுவே எண்ணிக்கையை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். வைக்கவே வேண்டாம். ஆரம்பிக்கும் முன் 10 ட்ரீட்டை எண்ணி வலது பையில் போடுங்கள். நாய் சரியாகச் செய்தால் ஒன்றை எடுத்து அதற்குக் கொடுங்கள். செய்யாவிட்டால் ஒன்றை எடுத்து இடது பையில் போடுங்கள். வலது பை காலியானதும் பயிற்சி முடிந்தது. இடது பையில் 3 இருந்தால் 10-க்கு 7. கையும் கண்ணும் முழுக்க நாயிடமே இருக்கும், கணக்கு தானாகச் சேர்ந்துவிடும்.

எதைச் "சரி" என்று எண்ணப் போகிறீர்கள்?

நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதாமல் மேலே போகாதீர்கள். "நன்றாக உட்கார்ந்தாள்" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. நேற்றைய "நன்றாக" வேறு, இன்றைய "நன்றாக" வேறு. நீங்கள் களைத்திருக்கும் நாளில் நாலு தடவை சொல்லி உட்கார்ந்ததும் "நன்றாக" ஆகிவிடும். என் நோட்டில் உட்காருவதற்கு இருக்கும் விளக்கம் இது:

"உட்காரு: ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லி 3 வினாடிக்குள் பின்பாகம் தரையில் பட வேண்டும். நான் 'சரி' என்று சொல்லும்வரை எழக் கூடாது."

இரண்டாவது தடவை சொல்லிய பிறகு உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. கறாராக இருப்பது நாய்க்கு நல்லது. ஒரே சொல்லை மூன்று தடவை கேட்டுப் பழகிய நாய், மூன்றாவது தடவைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. இந்த விளக்கத்தைப் பிறகு மாற்றினால் மாற்றிய தேதியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒப்பிட முடியாது.

விளக்கம் எழுதிய கையோடு, எதையும் கற்றுக்கொடுக்கும் முன்னால் ஒரு சோதனை வையுங்கள். ட்ரீட்டைக் கையில் காட்டி ஆசை காட்டாமல் 10 தடவை சொல்லிப் பாருங்கள். 10-க்கு 0 வந்தாலும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். லீஷை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய் என்றால், வாசலைத் தாண்டிய முதல் 100 அடியில் எத்தனை தடவை கயிறு விறைக்கிறது என்று எண்ணுங்கள். முழு நடையையும் எண்ண வேண்டாம், ஒரே மாதிரியான ஒரு துண்டு போதும்.

ஒரு நாளின் வரி

என் நோட்டிலிருந்து ஒரு வரியை அப்படியே தருகிறேன்.

"12-ஆம் தேதி, மாலை 6. உட்காரு. கூடம். நான். சொல் + கை. 5-க்கு 3, 5-க்கு 4, 5-க்கு 5. பிஸ்கட் துண்டு. 4 நிமிடம். கடைசிச் சுற்றில் கை முழுதாக உயரும் முன்பே உட்கார்ந்தாள். நாளை: கையைப் பாதி மட்டும் உயர்த்து."

தேதி, சொல், இடம், யார் சொன்னது, எப்படிச் சொன்னது, எண்ணிக்கை, என்ன ட்ரீட், எவ்வளவு நேரம், கண்ணில் பட்ட ஒரே ஒரு விஷயம், நாளைக்கு. எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. நேரமே இல்லை என்றால் எண்ணிக்கையையும் "நாளை"யையும் மட்டுமாவது எழுதுங்கள். "நாளை" என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றும் எழுதாத நாள், பயிற்சி கொடுத்தும் பதிவாகாத நாள்தான்.

ட்ரீட் என்ன என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உலர்ந்த பிஸ்கட்டுக்கு 5-க்கு 2 வருகிற நாய், வேகவைத்த கோழித் துண்டுக்கு 5-க்கு 5 வரும். எந்த இடத்துக்கு எந்தக் கூலி கட்டுபடியாகிறது என்று சில வாரத்தில் நோட்டே சொல்லிவிடும்.

ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. பயிற்சியாளர்கள் பலர் பின்பற்றும் முறை இது: ஐந்துக்கு ஐந்தும் சரியாக வந்தால் ஒரு படி கடினமாக்கு, மூன்று அல்லது நான்கு வந்தால் அதே படியில் நில், இரண்டும் அதற்குக் குறைவும் வந்தால் ஒரு படி இறங்கு. இறங்குவது தோல்வி ஆகாது. ஐந்தில் நாலு தடவை தவறிய நாய்க்கு நாலு தடவை ட்ரீட் கிடைக்கவில்லை, தப்பாகச் செய்வதையே நாலு தடவை பழகியிருக்கிறது, அதோடு சலித்தும் போயிருக்கிறது. இந்த விதி கையில் இருந்தால், கோபத்தில் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று அதையே பிடித்துத் தொங்குவது நின்றுவிடும். மேலே போவதா, இறங்குவதா என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கட்டும்.

ஒரு வேளைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும். தேதிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். 2011-இல் பீகிள் நாய்களை வைத்து டென்மார்க்கில் நடத்திய ஆய்வு ஒன்றில், தினமும் பயிற்சி பெற்றவற்றைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பயிற்சி பெற்றவை ஒவ்வொரு வேளையிலும் அதிகமாகக் கற்றுக்கொண்டன. நான்கு வாரம் கழித்துச் சோதித்தபோது எல்லாக் குழுவும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருந்தன. பயிற்சி கொடுக்காத நாளில் "ஓய்வு" என்று எழுதிவிட்டுப் போங்கள். நின்றுபோன தேதிகளைப் பார்த்து மனம் நொந்து நோட்டையே மூடிவிடுகிறவர்கள் உண்டு.

தூரம், நேரம், கவனச்சிதறல்

"இரு" என்று சொல்லி நிறுத்தப் பழக்கும்போது இந்த மூன்றையும் மூன்று எண்களாக எழுதிப் பழகுங்கள். எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள், எத்தனை வினாடி, சுற்றிலும் என்ன நடக்கிறது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் கொஞ்சம் குறைத்துவிடுவது இன்னும் நல்லது.

நான் இதை நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஜூலி 1 அடி தூரத்தில் 30 வினாடி அசையாமல் இருந்தாள், 5-க்கு 5. மறுநாள் "6 அடி, 30 வினாடி, டிவி ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறேன். 5-க்கு 1. அன்றைக்கு அவள் முரண்டு பிடிப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, ஒரே ராத்திரியில் தூரமும் கூடியிருக்கிறது, டிவியும் சேர்ந்திருக்கிறது, நேரமும் குறையவில்லை. அன்றிலிருந்து முந்தைய வரியைவிடக் கூடின எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறேன். ஒரு வரியில் இரண்டு சிவப்பு வட்டம் விழுந்தால் அந்த வரியில் பிழை என்னுடையது, அவளுடையதில்லை.

இடத்துக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கூடத்தில் கற்றதைத் தெருவுக்குத் தானாகவே எடுத்துப்போக நாய்க்கு வராது. அதற்குத் தெரு வேறு உலகம். இடது ஓரத்தில் கட்டளைகளை வரிசையாகவும், மேலே கூடம், சமையலறை, மாடி, வாசல், தெரு, பூங்கா, வேறொருவர் வீடு என்று இடங்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் கடைசி எண்ணைப் பென்சிலால் எழுதி, மாறும்போது அழித்து எழுதுங்கள். "என் நாய்க்கு எல்லாம் தெரியும், வெளியில்தான் கேட்காது" என்று சொல்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும். வெளியில் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

யார் சொன்னது?

நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலையும் உடம்பும் தன்னறியாமல் லேசாக அசைந்ததைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரையே இப்படியென்றால், நாள் முழுக்க நம் முகத்தையே படித்துக்கொண்டிருக்கும் நாயைக் கேட்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் "உட்காரு" எனக்கு 10-க்கு 10, அம்மாவுக்கு 10-க்கு 2. அம்மாவிடம் மரியாதை இல்லை என்று தம்பி சொன்னான். "யார்" என்ற குறிப்புக்குப் பக்கத்தில் "எப்படி" என்பதையும் ஒரு வாரம் எழுதினோம். நான் சொல்லும்போது இடுப்பு கொஞ்சம் வளைகிறது, கை தொடைப் பக்கம் வருகிறது. அம்மா நிமிர்ந்து நின்று வாயால் மட்டும் சொல்கிறார். தம்பி "சிட்" என்கிறான். ஜூலி என் இடுப்பைத்தான் கற்றிருந்தாள். "உட்காரு" என்ற சொல் அவள் காதில் வெறும் சத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். நோட்டின் முன்னட்டைக்கு உள்பக்கம், வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டிய சொற்களை எழுதி ஒட்டுங்கள். "வா" என்றால் "வா"தான், "கம்", "இங்க வாடா", "ஜூலிக்குட்டி வா" எதுவும் கிடையாது. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து எண்ணிக்கையை எழுதுங்கள். சொல் உண்மையிலேயே பதிந்திருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

வேண்டாத பழக்கங்களுக்கு மூன்று கட்டம்

குரைப்பது, மேலே தாவுவது, செருப்பைக் கடிப்பது, இதற்கெல்லாம் 10-க்கு எத்தனை என்ற கணக்கு சரிப்படாது. பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முன்னால் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நாலைந்து நாள் எதையும் திருத்தப் போகாமல் வெறுமனே எழுதுங்கள். ஜூலி "சும்மா சும்மா குரைக்கிறாள்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காலத்துப் பக்கம் இது:

காலை 11.10: வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சன்னலில் ஏறி 40 வினாடி குரைத்தாள், முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. வண்டி போய்விட்டது.

மதியம் 3.30: நான் போனில் பேச ஆரம்பித்தேன். என் முன்னால் வந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டே குரைத்தாள். பந்தை எடுத்து வீசினேன்.

மாலை 5.15: மறுபடி போன். மறுபடி குரைப்பு. மறுபடி பந்து.

என் வாயில் "குரைப்பு" என்று ஒரே சொல்லாக இருந்தது தாளில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. காலையில் குரைத்தது பயத்தினால். குரைத்தால் வண்டி போய்விடுகிறது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். மதியம் குரைத்தது பந்துக்காக, கூலி கொடுத்து வளர்த்தது நான். முதலாவதற்குச் சன்னலை மறைத்து, வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ட்ரீட் கொடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்குப் போன் பேச உட்காரும் முன்பே கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு, குரைத்தால் பந்து கிடையாது என்று நிற்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்திருந்தால் இரண்டும் முற்றியிருக்கும்.

இந்த இடத்தில் எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றும். பழகின கூலியை நிறுத்தினால் பழக்கம் உடனே குறையாது, முதலில் ஏறும். ஒரு போன் பேச்சுக்கு 6 தடவை குரைத்தவள் மறுநாள் 9, அதற்கு மறுநாள் 14. நோட்டில் எழுதாதவர் அந்த 14-இல் பொறுமை இழந்து பந்தை வீசிவிடுவார். 14 தடவை குரைத்தால் கிடைக்கும் என்று நாய் புதுப் பாடம் படித்துவிடும். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். 8, 3, பிறகு 0. கொஞ்ச நாள் கழித்து, மறந்தே போன பழக்கம் திடீரென ஒரு நாள் தலைகாட்டும். நாய்களின் எச்சில் துளிகளை எண்ணி ஆய்வு செய்த பாவ்லோவ் அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்ட விஷயம்தான் இது. அணைந்துபோன பழக்கம் ஓய்வுக்குப் பிறகு தானாகத் திரும்பும், ஆனால் முன்னைவிட பலம் குறைந்து. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு பழையபடியே நடந்துகொள்ளுங்கள்.

உறுமுவது, கடிக்க வருவது இருந்தால் பதிவின் நோக்கமே மாறிவிடும். அப்போது எழுத வேண்டியது எதற்கு எதிரில், எத்தனை அடி தூரத்தில், முதல் அறிகுறி என்ன என்பது. உடம்பு விறைப்பது, உதட்டை நக்குவது, வாயை இறுக்க மூடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. எழுதுவதற்காக வேண்டுமென்றே மறுபடி நடக்க வைத்துப் பார்க்கவே கூடாது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடமும், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரிடமும் போங்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசிச் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் அதிகமாகச் சொல்லும்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு

கழிவுப் பழக்கத்துக்கு நோட்டு வேண்டாம், கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, தூங்கி எழுந்தது, விளையாடியது, வெளியே கழிவு போனது, வீட்டுக்குள் கழிவு போனது எல்லாவற்றுக்கும் நேரம் மட்டும். வீட்டில் யார் பார்த்தாலும் எழுதலாம். நாலு நாளில் உங்கள் குட்டியின் கணக்கு தெரிந்துவிடும், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும்தான். அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் வெளியே கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிறந்து 3-ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரை, உலகத்தில் எதற்குப் பயப்பட வேண்டாம் என்று குட்டி கற்றுக்கொள்ளும் காலம். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடை, சக்கர நாற்காலி, குழந்தை, தொப்பி போட்டவர், வழுக்கும் தரை, இடிச் சத்தம். எத்தனை காட்டினோம் என்ற பட்டியலாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே குட்டி தானாகவே கிட்டப் போனதா, பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு இருந்ததா, பின்வாங்கியதா என்று எழுதுங்கள். பின்வாங்கியதை அடுத்த தடவை இன்னும் தூரத்திலிருந்து, இன்னும் குறைந்த நேரம் மட்டும் காட்டுங்கள். தடுப்பூசி முடிவதற்குள் எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாக விட்டால் அழுகிற நாய்க்கு செல்போன் வீடியோவை விட்டால் வேறு வழியில்லை. நீங்கள் இருக்கும்போது நடக்காததை நீங்கள் எப்படிப் பார்ப்பது? வீடியோவைப் பார்த்து, முதல் ஊளையின் நேரத்தை எழுதாதீர்கள். முதல் அறிகுறியின் நேரத்தை எழுதுங்கள். கொட்டாவி, கதவுக்கும் படுக்கைக்கும் நடையாய் நடப்பது, மூச்சு வாங்குவது. அது 4 நிமிடம் 20 வினாடியில் வந்தால், அடுத்த தடவை 4 நிமிடத்துக்குள் திரும்பி வாருங்கள்.

வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பது

பதினைந்து நிமிடம் போதும். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு நாளின் எண்ணிக்கைக்கும் ஒரு புள்ளி வைத்துக் கோட்டால் இணையுங்கள். கோடு மேலும் கீழுமாகத்தான் போகும். உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வில், பூனையைப் பெட்டிக்குள் அடைத்து ஒவ்வொரு தடவையும் தப்பித்து வெளியே வர எத்தனை வினாடி ஆகிறதென்று கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடுகளிலும் ஒரு தடவை சீக்கிரம், அடுத்த தடவை தாமதம் என்று ஏற்ற இறக்கம்தான். நாள்கணக்கில் பார்க்காமல் மூன்று வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று வாரத்துக் கோடும் இறங்கினால் காரணம் தேட வேண்டும். நாயின் வயதைப் பாருங்கள். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, 5 மாத வயதில் கேட்டதைவிட 8 மாத வயதில் நாய்கள் தம்மை வளர்ப்பவர் சொல்லும் "உட்காரு"வைக் குறைவாகக் கேட்டன என்று கண்டது. அறிமுகம் இல்லாதவர் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை. வாலிபப் பருவம். நோட்டில் "8 மாதம்" என்று எழுதி, ஒரு படி இறங்கி, பொறுமையாக இருங்கள்.

இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஜூலிக்கு மூன்று வயது நடக்கும்போது "உட்காரு"வுக்கு எண்ணிக்கை குறையவே இல்லை, 5-க்கு 5 வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சொன்னதற்கும் உட்கார்ந்ததற்கும் இடையிலான நேரத்தை நான் எழுதிவந்தேன். 1 வினாடி, 1, 2, 2, 3. கெட்டித் தரையில் மட்டும் 3, விரிப்பின் மேல் 1. சோம்பல் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பின்னங்கால் லேசாக நொண்டியது. மருத்துவர் முழங்காலில் வலி இருப்பதைக் கண்டுபிடித்தார். எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதும் நான் நோட்டைக் காட்டினேன், தேதியோடு இருந்தது. வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து 5-க்கு 5 காட்டியிருக்கிறாள் என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. அதனால் ஊசி, மருந்து, வாந்தி, சாப்பிடாத நாள், பெண் நாயென்றால் பருவம் வந்த நாள், எல்லாவற்றையும் அதே நோட்டில், பயிற்சி வரிகளுக்கு இடையிலேயே எழுதுங்கள். தனி நோட்டில் எழுதினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

எவ்வளவு எழுதுவது, எப்போது நிறுத்துவது

ஒரே நேரத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஆரம்பத்தில் ஒன்றே ஒன்று போதும். "முட்டாள்", "பிடிவாதம்", "வேண்டுமென்றே செய்கிறாள்" போன்ற சொற்களை நோட்டில் ஏற்றாதீர்கள். அவற்றிலிருந்து நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. எழுதுவதே சுமையாகிப் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் எழுதுவதைப் பாதியாகக் குறையுங்கள்.

ஒரு கட்டளை மூன்று இடங்களில், மூன்று பேருக்கு, 10-க்கு 9 வந்துவிட்டால் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் "தேறியவை" என்று தலைப்பிட்டு அங்கே மாற்றிவிடுங்கள். அதன் பிறகு தினமும் எழுத வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை முன்னறிவிப்பு இல்லாமல் 5 தடவை சொல்லிப் பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கினால் மறுபடி தினப் பக்கத்துக்கு எடுத்து வாருங்கள்.

போன மாதச் சோதனையில் ஜூலியின் "இரு" 5-க்கு 3. திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டேன்: கூடம், 1 அடி, 10 வினாடி, டிவி இல்லை.